பாட் வேறு, பிட் வேறு

பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோ, ஒவ்வோர் எழுத்தையும் ஐந்து துடிப்புகளாக்கி அனுப்பும் முறையை வகுத்தார். அவர் பெயரால் வழங்கும் ‘பாட்’ என்னும் அலகு, கம்பியில் விநாடிதோறும் செல்லும் குறிகளின் எண்ணிக்கை, செய்தியின் அளவன்று. ஆம், இல்லை என்னும் ஒற்றை விடையே ‘பிட்’.

தொலைபேசி வழியே கணிப்பொறிகளை இணைத்த பெல் 103 மோடம் அமெரிக்காவில் வெளிவந்தது. அதன் வேகம் 300 பாட்; ஒரு குறிக்கு ஒரு பிட் ஆதலின், 300 பிட் என்பதும் பொருந்தும். குழப்பம் பின்னரே புகுந்தது. பெல் 212ஏ ஒவ்வொரு குறியிலும் இரண்டு பிட்டுகளை ஏற்றி, 600 பாட்டில் 1200 பிட் அனுப்பிற்று. மக்கள் வழக்கிலோ அது ‘1200 பாட் மோடம்’ என்றே நின்றுவிட்டது!

எழுத்துக் கணக்கிற்கு எட்டால் வகுத்தலும் போதாது. எட்டுப் பிட்டுகளின் முன்னே தொடக்கப் பிட் ஒன்றும் பின்னே முடிவுப் பிட் ஒன்றும் செல்வது வழக்கமாதலின், விநாடிக்கு 120 எழுத்துகளே, 150 அல்ல.