பாரன் தீவு: இந்தியாவின் எரிமலையும் அதைக் காணச் சென்றவர்களும்

பாரன் தீவு அந்தமான் கடலில், போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே சுமார் 140 கி.மீ. தொலைவில் இருக்கிறது. ஏறத்தாழ 3 கி.மீ. குறுக்களவு, 354 மீட்டர் உயரம், குடியிருப்பு கிடையாது. இந்தியாவில் இன்றும் நெருப்பைக் கக்கும் எரிமலை இது ஒன்றுதான். கண்ணுக்குத் தெரிவது மலையின் தலை மட்டுமே. அதன் அடிவாரம் 2,000 மீட்டருக்கும் கீழே கடல் தரையில் கிடக்கிறது.

இந்தியப் புவித்தட்டு இங்கே பர்மாத் தட்டின் அடியில் நுழைந்து கீழிறங்குகிறது. அதனுடன் போகும் ஈரம் ஆழத்துப் பாறை உருகும் வெப்பநிலையைக் குறைத்துவிட, உருகிய குழம்பு மேலே வழி தேடுகிறது. சுமத்ரா தொடங்கிப் பர்மாவின் பொப்பா மலைவரை நீளும் எரிமலை வரிசையில் பாரன் தீவு ஒரு கண்ணி. வடக்கே இருக்கும் 710 மீட்டர் உயர நார்கொண்டம் தீவும் அதே வரிசையைச் சேர்ந்தது. அது அடங்கிவிட்ட எரிமலை.

தமிழ்நாட்டில் இதை ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. திருநாவலூரில் முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் எடுப்பித்த கற்றளி ஆயிரம் ஆண்டு தாண்டி நிற்கிறது. மேற்கே கல்வராயன் மலையின் சார்னோக்கைட் பாறையோ சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை கொண்டது. இந்த மண்ணில் பிறந்தவருக்குக் கல் என்றாலே குளிர்ந்து இறுகிய, என்றைக்கும் மாறாத பொருள். பாரன் தீவில் அந்த எண்ணம் உடைந்துபோகிறது. அங்கே ஒரு மீனவரின் பேரனைவிட இளைய பாறைமீது அலை அடிக்கிறது.

இத்தீவின் எழுதப்பட்ட வரலாறு பெரும்பாலும் கப்பல் தளத்தில் நின்றவர்கள் கண்டதுதான். ஆள் இல்லாத இடம் என்பதால், யாரும் கடந்துபோகாத ஆண்டில் அது என்ன செய்தது என்பதற்குக் கண்கண்ட சாட்சி கிடையாது. முதல் தெளிவான குறிப்பு 1787 மே மாதத்தது. லெப்டினன்ட் கோல்புரூக் உச்சியிலிருந்து எழும் புகைத்தூணைக் கப்பலிலிருந்து கண்டார். 1789 மார்ச்சில் அந்தமானை அளந்துகொண்டிருந்த ஆர்ச்சிபால்ட் பிளேர் (போர்ட் பிளேர் இவர் பெயரால் அமைந்ததுதான்) தீவையே நெருங்கிப் பார்த்தார். கூம்பின் வாயிலிருந்து செக்கச்சிவந்த கற்கள் மழையாகக் கொட்டியதாகவும், அவற்றில் சில மூன்று, நான்கு டன் எடை இருக்கும் என்றும், கூம்பின் அடியைத் தாண்டிச் சில நூறு கஜ தூரம்வரை அவை எறியப்பட்டிருந்தன என்றும் அவர் எழுதிவைத்தார். 1803 நவம்பரில் கடல் வழிகாட்டி நூல்களுக்குப் பேர்பெற்ற ஹார்ஸ்பர்க், ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கரும்புகை கிளம்புவதைக் குறித்தார். எரிமலை ஆய்வே இளம் துறையாக இருந்த காலத்தில், கண்ணையே பெரிதும் நம்பி எழுதிய இந்தக் குறிப்புகள் இன்றும் பயன்படுகின்றன. மாலுமிகளின் இந்தப் பொறுமையைப் போற்றாமல் இருக்க முடியாது.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மலை அடங்கியது. 1857 டிசம்பரில், சிறைக் குடியேற்றத்துக்கு இடம் தேடி வந்த மௌவாட் தலைமையிலான குழு தீவில் இறங்கியது. பிறகு நிலவியல் ஆய்வாளர்கள் வந்தார்கள்: 1873-இல் பால், 1884-இல் மாலட். மேற்குப் பக்கம் உடைந்து திறந்திருக்கும் பழைய எரிமலைப் பெருவாயின் சுவரையும், அதன் நடுவே எழுந்த இளைய கூம்பையும், கரையோரம் ஊறிய வெந்நீர் ஊற்றையும் அவர்கள் விவரித்தார்கள். மாலட் தம் ஆய்வை 1885-இல் நூலாக வெளியிட்டார். கப்பலில் வந்தவர்கள் விட்டுச்சென்ற ஆடுகள் காட்டாடுகளாகிப் பெருகின. கரிமணல் தீவில் அவை எதைக் குடித்து வாழ்கின்றன என்பது நெடுநாள் விவாதிக்கப்பட்ட கேள்வி.

1991-இல் மலை மறுபடி விழித்தது. குழம்பு மேற்குத் திறப்பு வழியாகக் கடலில் இறங்கியது. 1993-இல் சென்ற ஆய்வுக் குழு, முன்பு பதிவான 16 பறவை வகைகளில் 6 மட்டுமே எஞ்சியிருக்கக் கண்டது. 1994-95-இலும், 2004 டிசம்பர் சுமத்ரா நிலநடுக்கத்துக்கு ஐந்து மாதம் கழித்து 2005 மே மாதத்திலும் மீண்டும் வெடித்தது. 2017 ஜனவரி 23 பிற்பகல், கோவாவின் தேசியக் கடலியல் நிறுவன ஆய்வாளர்கள் கடல் தரை மண்ணை அள்ளிக்கொண்டிருந்தபோது எதிரே மலை சாம்பல் துப்பத் தொடங்கியது. ஒரு மைல் தள்ளி நின்று கவனித்தார்கள். ஐந்து, பத்து நிமிடம் நீடித்த சிறு சிறு வெடிப்புகள். பகலில் சாம்பல் மேகம் மட்டுமே தெரிந்தது, பொழுது சாய்ந்த பிறகுதான் வாயிலிருந்து பீறிட்ட செங்குழம்பும் சரிவில் வழிந்த தழலும் கண்ணில் பட்டன. 2025 செப்டம்பரிலும் வெடிப்புகள் பதிவாயின.

எரிமலைத் தீவு என்றதும் உலகம் நினைப்பது கிரேக்கத்தின் சாண்டோரினியை. கி.மு. 1600 அளவில் நடந்த பெருவெடிப்பு அங்கே அக்ரோத்திரி என்ற ஊரையே சாம்பலில் மூடியது; ஸ்பிரிடான் மரினாட்டோஸ் 1967-இல் அதை அகழ்ந்தெடுக்கத் தொடங்கினார். இன்று சாண்டோரினியின் எரிமலைப் பெருவாய் விளிம்பிலேயே ஃபிரா, ஓயா ஊர்களின் வெள்ளை வீடுகளும் விடுதிகளும் நெருங்கி நிற்கின்றன. 2025 தொடக்கத்தில் நிலநடுக்கங்கள் தொடர்ந்தபோது பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் தீவைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அழகில் சாண்டோரினிக்கு ஈடில்லை. ஆனால் பாரன் தீவுக்கு அந்தக் கூட்டம் வரக் கூடாது. மலைக்கு இடம் விட்டு மனிதர் விலகி நிற்கும் அரிய இடங்களில் ஒன்று இது. படிக்கட்டும் விடுதியும் கட்ட அங்கே இடமும் இல்லை, தேவையும் இல்லை.

இப்போது இது வனவிலங்குச் சரணாலயம். வனத்துறை அனுமதியோடு படகில் சென்று, இறங்காமல் சுற்றிப் பார்த்துத் திரும்புவதே வழக்கம். ஆழ்கடல் முக்குளிப்போருக்குக் கரும்பாறைச் சரிவுகளும், தெளிந்த நீரும், திருக்கை மீன்களும் பெயர்போனவை. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் சென்னையில் கப்பல் ஏறினால் போர்ட் பிளேர் சேர இரண்டரை, மூன்று நாள் ஆகும். விமானத்தில் சில மணி நேரம். இறங்கிய ஊரில் தமிழ்க் கடைகளும் கோயில்களும் உண்டு, மொழிச் சிக்கல் இராது. அங்கிருந்து தீவுக்குப் போய்வரக் கடல் அமைதியாக இருக்கும் டிசம்பர் முதல் ஏப்ரல்வரையான மாதங்களே ஏற்றவை. மலை சீறும் நாட்களில் படகுகள் புறப்படா. பயணத் திட்டத்தில் ஓரிரு நாளைக் கூடுதலாக ஒதுக்கிக்கொள்வது நல்லது.