32 ஜிபி: ஒரு டெம்பரரி விண்டோவின் கதை

1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், முக்கால்வாசி காலி. 5 ஜிபி கல்யாண வீடியோவை அதில் காப்பி பண்ணப் போனா, ஃபைல் ரொம்பப் பெருசுன்னு கம்ப்யூட்டர் மறுக்குது. இடம் இருந்தும் ஏன் போகல?

பதில் 1977-ல் ஆரம்பிக்குது. மைக்ரோசாஃப்டில் மார்க் மெக்டொனால்ட் ஃபிளாப்பி காலத்துக்காக எழுதிய முறைதான் ஃபேட். எந்த ஃபைலின் எந்தத் துண்டு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை அது. 1996-ல் ஃபேட்32 வந்தது. அதிலும் ஒரு ஃபைலின் அளவை எழுத 32 பிட் இடம்தான். அதில் அடங்கும் பெரிய எண் 429 கோடி சொச்சம். அதாவது, 4 ஜிபி ஃபைலின் அளவை எழுதவே அங்கே இடம் கிடையாது!

சரி, விண்டோஸின் ஃபார்மட் விண்டோ 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தராமல் இருந்ததே, அதுவும் இதே கணக்கா? இல்லை. ஃபேட்32 2 டிபி வரை தாங்கும். அந்த விண்டோவை 1994 கடைசியில், ஒரு மழைநாள் காலையில் எழுதியதாக மைக்ரோசாஃப்டின் முன்னாள் இன்ஜினியர் டேவ் பிளம்மர் 2024-ல் சொன்னார். நல்ல டிசைன் வரும்வரை சும்மா தற்காலிகமாம். 32 ஜிபியும் அன்னைக்கு அவர் எடுத்த முடிவுதானாம். அந்த 'தற்காலிகம்' முப்பது வருஷம் ஓடிடுச்சு. கோடு எழுதுற நம்ம எல்லாருக்கும் இதுல ஒரு சேதி இருக்கு.

2006-ல் எக்ஸ்ஃபேட் வந்தது. பெரிய ஃபைலும் போகும், மேக்கிலும் எழுதலாம். ஆனா பேட்டன்ட் பயம் இருந்தது. ஃபேட் பேட்டன்ட்களை வைத்து 2009-ல் டாம்டாம் மேலேயே மைக்ரோசாஃப்ட் வழக்குப் போட்டிருந்தது. 2019 ஆகஸ்டில்தான் எக்ஸ்ஃபேட்டின் விவரக்குறிப்பை வெளியிட்டு, லினக்ஸுக்குள் அது வர சம்மதித்தார்கள்.

அதனால விண்டோஸ், மேக் ரெண்டிலும் ஓடணும்னா எக்ஸ்ஃபேட். விண்டோஸ் மட்டும்னா என்டிஎஃப்எஸ். எதுவானாலும் முதல்ல பேக்கப். இன்னொன்னு, பழைய டிரைவை விற்கப் போறீங்களா? குவிக் ஃபார்மட் அட்டவணையை மட்டும்தான் புதுசாக்கும். உங்க போட்டோக்கள் உள்ளேயே கிடக்கும், ரெக்கவரி சாஃப்ட்வேர் இருந்தா எடுத்துடலாம். குவிக் டிக்கை எடுத்துட்டு முழு ஃபார்மட் போடுங்க. விஸ்டாவிலிருந்து அது டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதும். நேரம் ஆகும், ஆகட்டும்.