இணையப் பெயர் மறுவிற்பனைச் சந்தை மதிப்பீடு

இணையப் பெயர் மறுவிற்பனைச் சந்தை மதிப்பீடு என்பது, ஒருவர் ஏற்கெனவே பதிவுசெய்த டொமைன் பெயர்கள் பிறருக்குக் கைமாறுவதில் புழங்கும் தொகையைக் கணக்கிடும் முறை. பதிவு, புதுப்பிப்புக் கட்டணங்கள் இதில் சேரா.

வெளியான விற்பனைகளைக் கூட்டுவது ஒரு வழி. நேம்பயோ போன்ற தரவுத்தளங்கள் இதற்கு உதவுகின்றன. ஆனால் ரகசிய ஒப்பந்தங்களால் பல விற்பனைகள் வெளிவருவதில்லை. எனவே இக்கூட்டுத்தொகையைக் கீழெல்லையாக மட்டுமே கொள்ளவேண்டும். விற்பனைக்கு உள்ள பெயர்களின் எண்ணிக்கை, ஆண்டு விற்பனை விகிதம், சராசரி விலை ஆகியவற்றைப் பெருக்குவது மற்றொரு வழி. இங்கே சராசரியே பெரிதும் ஏமாற்றும்: 2019-இல் வாய்ஸ்.காம் 3 கோடி டாலருக்கு விற்றதைப் போன்ற ஒரே விற்பனை ஆண்டுக் கணக்கையே உயர்த்திவிடும். வணிகர்களுக்கிடையே பலமுறை கைமாறும் பெயர் இருமுறை எண்ணப்படும் அபாயமும் உண்டு. 2023 இறுதியில் உலகில் சுமார் 36 கோடிப் பெயர்கள் பதிவில் இருந்தன. அவற்றில் விற்பனை நோக்கில் வைத்திருப்பவை எவை எனப் பிரித்தறிவது கடினம்.

இந்தியாவில் .இன் பெயர்ப் பதிவு 2005-இல் பரவலாகத் திறக்கப்பட்டது. அதை நிக்சி நிறுவனம் நிர்வகிக்கிறது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே தொடுத்த வழக்கில், டொமைன் பெயருக்கும் வணிகக்குறிக்கான பாதுகாப்பு உண்டென உச்ச நீதிமன்றம் 2004-இல் தீர்ப்பளித்தது. வணிகக்குறி உரிமையாளரிடமே விற்கும் நோக்கில் பதிந்த .இன் பெயர்களை நடுவர் தீர்ப்பால் பறிக்கலாம். அத்தகைய பெயர்களைச் சந்தை மதிப்பில் சேர்ப்பது பிழையான கணக்காகும்.