நூறு பிராங்க் நோட்டு

மினெர்வுவா ஒயினை நான் முதலில் குடித்தது நார்போனில், ஒரு நண்பரின் வீட்டில். கறுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் சிவப்பு. முதல் மிடறிலேயே நாவற்பழம் தின்றதுபோல நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. என் முகம் போன போக்கைப் பார்த்த நண்பர், "சாப்பிட்டுட்டுக் குடிச்சுப் பாரு" என்றார். தட்டில் கஸ்ஸூலே இருந்தது. வெள்ளை பீன்ஸும் வாத்துக்காலும் பன்றி சாசேஜும் மண்சட்டியில் மணிக்கணக்காக வெந்த பண்டம். அந்தக் கொழுப்பு நாக்கில் படிந்த பிறகு அதே ஒயின் வேறு மாதிரி இருந்தது. துவர்ப்பு அடங்கிக் கருநிறப் பழங்களின் ருசி எழுந்தது. கூடவே காய்ந்த தைம், ரோஸ்மேரி வாசனை. அந்தச் சுண்ணாம்புக் குன்றுகளில் புதர் புதராக மண்டிக் கிடப்பவை அவைதான்.

சிரா, கிரெனாஷ், மூர்வேத்ர், கரின்யான் திராட்சைகள் கலந்த இந்த ஒயினின் பூர்வீகத்தைத் தேடிப் போனேன். போய் நின்ற இடம் 1907.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலாக்ஸெரா என்கிற வேர்ப்பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. ஒயினுக்குத் தட்டுப்பாடு. இறக்குமதியான உலர்திராட்சையை ஊறவைத்தார்கள், பிழிந்த சக்கையில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி மறுபடி நொதிக்கவிட்டார்கள். அதுவும் ஒயின் என்றே விற்றது. தெற்கே லாங்டாக் விவசாயிகள் சமவெளியில் ஆரமோன் கொடிகளை நட்டு மீண்டு வந்தார்கள். ஆரமோன் அள்ளிக் கொடுக்கும். ஆனால் ஒயினில் சத்து இருக்காது. அல்ஜீரிய ஒயினும் வந்து குவிய, விலை விழுந்தது. 1903இல் சர்க்கரை வரியையும் குறைத்தார்கள். கலப்படக்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

1907 மார்ச் 11 அன்று, மினெர்வுவாவைச் சேர்ந்த அர்ஜெலியே கிராமத்திலிருந்து 87 விவசாயிகள் நார்போனுக்குக் கிளம்பினார்கள். அங்கே வந்திருந்த நாடாளுமன்ற விசாரணைக் குழுவிடம் முறையிடுவதற்காக. முன்னால் நடந்தவர் மார்ஸெலான் அல்பேர். காபிக்கடை வைத்திருந்தவர், கொஞ்சம் திராட்சையும் பயிரிட்டவர். மார்ச் மாத இறுதி முதல் ஞாயிறுதோறும் ஒவ்வொரு ஊரில் கூட்டம். ஜூன் 9ஆம் தேதி மோன்பெலியேயில் திரண்டவர்கள் 5 லட்சத்துக்கும் மேல்.

அரசு படையை அனுப்பியது. நார்போன் மேயர் ஃபெரூல் கைதானார். துப்பாக்கிச் சூட்டில் ஊர்க்காரர்கள் செத்தார்கள். செய்தி கேட்ட 17ஆவது காலாட்படையின் சிப்பாய்கள் சுமார் 500 பேர் ஆயுதங்களோடு கிளம்பி, இரவோடு இரவாக பெஸியே நகருக்கு நடந்தார்கள். பலர் அந்தப் பக்கத்துப் பையன்கள். சொந்த ஜனங்களை எப்படிச் சுடுவது?

இந்த நேரத்தில்தான் அல்பேர் ஒளிந்து ஒளிந்து பாரிஸ் போய்ப் பிரதமர் கிளெமென்ஸோவைப் பார்த்தார். ஊருக்குப் போய் ஜனங்களை அமைதிப்படுத்தச் சொன்ன கிளெமென்ஸோ, ரயில் செலவுக்கென்று நூறு பிராங்க் நோட்டு ஒன்றைக் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார். பிறகு பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுக் கிளெமென்ஸோ அதைச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். நேற்றுவரை மீட்பர் என்று கொண்டாடிய சனம் விலைபோனவன் என்று தூற்றியது.

ஜூன் 29ஆம் தேதி கலப்படத்துக்கு எதிரான சட்டம் வந்தது. அதே வருஷம் செப்டம்பரில் வந்த அரசாணை, புதிய திராட்சையோ அதன் சாறோ நொதித்து உருவானது மட்டுமே ஒயின் என்று வரையறுத்தது.

எனக்கென்னவோ அந்த மக்கள் பாதி உண்மையைத்தான் பேசினார்கள் என்று தோன்றுகிறது. கலப்படம் நிஜம். ஆனால் அவர்களுடைய அளவுக்கு மீறிய விளைச்சலும் விலையைத் தின்றது. அந்தப் பாதியைச் சரிசெய்யப் பல பத்தாண்டுகள் ஆயின. ஆரமோனைப் பிடுங்கினார்கள், குன்றுகளில் குறைவாகக் காய்க்கும் ரகங்களை நட்டார்கள். 1985இல்தான் மினெர்வுவா சிவப்பு ஒயினுக்குப் பிறப்பிடப் பெயரின் சட்ட அங்கீகாரம் கிடைத்தது.

அல்பேர் 1921இல் வறுமையில் இறந்தார். அன்றிரவு நண்பரிடம் அவரைப் பற்றிக் கேட்டேன். "பாவம், டிக்கெட்டுக்குக் காசில்லாமத்தான் வாங்கியிருப்பார்" என்று சொல்லிவிட்டு, என் கோப்பையை நிரப்பினார்.