அடித்தால் பிரியும் மரம்

கூடை என்றதும் நமக்குப் பிரம்பும் மூங்கிலும்தான் ஞாபகத்துக்கு வரும். பெரிய மரத்தையே நாடா நாடாக உரித்துக் கூடை முடைகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மேய்ன் மாநிலத்தில் வாழும் பெனப்ஸ்காட், பாசமக்வாடி, மாலிசீட், மிக்மாக் பழங்குடியினரே அவர்கள். குளூஸ்காப் என்ற வீரன் ஆஷ் மரத்தின்மீது அம்பு எய்தான்; அதிலிருந்து தங்கள் முன்னோர் வெளிவந்தார்கள் என்பது அவர்களின் பழங்கதை.

அந்தக் கறுப்பு ஆஷ் மரம் ஈரமான சதுப்பு நிலத்தில் வளர்வது. வெட்டிய கட்டையின் பட்டையை நீக்கிவிட்டு, கோடரியின் பின்புறத்தால் நீளம் முழுக்க அடி அடியென்று அடிப்பார்கள். ஒவ்வோர் ஆண்டு வளையத்திலும் வசந்த காலத்தில் வளர்ந்த பகுதி துளை நிறைந்தது. அடி தாங்காமல் அது நசுங்கிவிடும். மீதி வளையம் நாடாவாகக் கழன்று வரும். ரம்பமே வேண்டாம்! பிறகு அதை மெல்லிசாகப் பிளந்து, சுரண்டி வழவழப்பாக்கி முடைவார்கள். எந்த மரம் சரிப்பட்டு வரும் என்று காட்டிலேயே கண்டுபிடிப்பதுதான் பெரிய வித்தை. அது புத்தகம் படித்து வருவதில்லை.

ஆரூஸ்டுக் வட்டாரத்தில் உருளைக்கிழங்கு பொறுக்க இந்தக் கூடைகள்தான். அறுவடைக்காகப் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விட்டுப் பிள்ளைகளும் வயலுக்குப் போவார்களாம். இயந்திரம் வந்ததும் கூடைக்கு வேலை போயிற்று. இளையவர்கள் வேறு பிழைப்பைத் தேடிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? 1993-இல் மேய்ன் இந்தியக் கூடை முடைவோர் சங்கம் தொடங்கியபோது, 50 வயதுக்குட்பட்ட கைவினைஞர் ஒரு டஜன்கூட இல்லை.

சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான தெரசா செகார்ட் நிலவியல் படித்தவர். அவருக்கு முடையக் கற்றுத் தந்தவர் மேடலின் ஷே என்ற மூதாட்டி. பெனப்ஸ்காட் மொழியைச் சரளமாகப் பேசிய கடைசித் தலைமுறையைச் சேர்ந்த அந்த அம்மாள் அதே 1993-இல் காலமானார். மொழி அடங்கிய வீட்டில் கூடையாவது தங்கியது. சங்கம் மூத்தவர்களிடம் இளையவர்களைச் சீடராகச் சேர்த்துவிட்டது. தாயிடம் தொழில் கற்ற பாசமக்வாடி கைவினைஞர் ஜெரமி ஃப்ரேயின் கூடைகளுக்கு 2024-இல் போர்ட்லண்ட் கலைக்கூடம் தனிக் கண்காட்சியே வைத்தது.

கைகள் கிடைத்தன, இப்போது ஆபத்து மரத்துக்கே வந்திருக்கிறது. கிழக்காசியாவைச் சேர்ந்த மரகதப் பச்சை வண்டு 2002-இல் டெட்ராய்ட் அருகே கண்டுபிடிக்கப்பட்டது. 2018-இல் மேய்னை எட்டியது. அதன் புழு பட்டைக்கு அடியில் குடைந்து, மரத்துக்குச் சாறு ஏறவிடாமல் செய்கிறது. கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் பட்டுப்போயின.

முடைகிறவர்கள் சும்மா இருக்கவில்லை. விதைகளைப் பொறுக்கிச் சேமிக்கிறார்கள். லேசான காரியமா அது! இந்த மரம் எல்லா ஆண்டும் நன்றாகக் காய்ப்பதில்லை. விழுந்த விதையும் பெரும்பாலும் இரண்டு பனிக்காலம் மண்ணில் கிடந்த பிறகே முளைக்கும். முளைத்தது கூடைக்கு ஏற்ற பருமனாகப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். அதுவரை, நிற்கிற மரங்களைத் தேடி அவர்கள் இன்னும் காட்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறார்கள்.