வேலைப் பாகுபாட்டு வழக்கு: எந்த மன்றம்?

அமெரிக்காவில் இத்தகைய வழக்குகளுக்கு மாநில நீதிமன்றம், கூட்டாட்சி நீதிமன்றம் என இரு வழிகள் உண்டு. இந்தியாவில் நீதிமன்ற அடுக்கு ஒன்றே. வேலை கொடுப்பவர் யார் என்பதே மன்றத்தை முடிவு செய்கிறது.

தேனி மாவட்டம் சுருளிப்பட்டியின் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து செய்யும் ஆணுக்கு ஒரு கூலி, குலை வெட்டி அழுகல் காயைக் கத்தரித்துத் தரம் பிரிக்கும் பெண்ணுக்குக் குறைந்த கூலி என்றால், அவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தை உள்வாங்கிய 2019 ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, அரசு நியமித்த அதிகாரியிடமே 3 ஆண்டுகளுக்குள் மனு தர வேண்டும். அதன்பின் மேல்முறையீட்டு அதிகாரி. அதற்கும் மேலே சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை.

வழக்கின் உயிர்நாடி, இரண்டும் ஒத்த வேலையா என்பதுதான். மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்துக்கு எதிராக ஆட்ரி டி'கோஸ்டா என்ற பெண் சுருக்கெழுத்தர் தொடுத்த வழக்கில், 1987இல் உச்ச நீதிமன்றம் பதவியின் பெயரை விட்டு, உண்மையில் செய்யும் வேலையைப் பார்த்தது. நிறுவனத்தால் கொடுக்க முடியவில்லை என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. தோட்டத் தொழிலாளிக்கு இது வலுவான துணை.

மத்திய அரசு ஊழியர் முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும். தமிழக அரசு ஊழியர் நேரே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம். எழுத்தில் எதுவும் இல்லாத தினக்கூலிக்காரருக்கோ, மன்றத்தைக் கண்டுபிடிப்பதைவிடக் கூலிக்குச் சான்று திரட்டுவதே கடினம்.