பங்களாவின் போறணையும் லயத்து அடுப்பும்

கோழியின் வயிற்றில் பாண் தூளும் வெங்காயமும் ஈரலும் வெண்ணெயும் திணித்து முழுசாகச் சுடுகிற பதார்த்தம் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரோடு இலங்கையின் மலையகத்துக்கு ஏறியது. அதைச் சமைத்தவர்களோ தமிழரும் சிங்களவருமான பங்களா அப்புமார். பக்குவம் அவர்கள் கைக்கு வந்தும் அந்த உணவு தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக்குள் நுழையவில்லை. நம் நாக்குக்கு அது ஒத்துவராது என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். நாக்கின்மேல் பழிபோடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பேக்கரிப் பாணும் பணிசும் ஹட்டனிலிருந்து தோட்டங்களுக்குப் போனபோது யாரும் முகம் சுளிக்கவில்லையே! குறுக்கே நின்றது அடுப்பு. பங்களாவில் விறகெரியும் இரும்பு அடுப்பும், அதனோடு சேர்ந்த போறணையும் இருந்தன; நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இருந்தார். லயத்திலோ பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், கவ்வாத்தில் வெட்டிய தேயிலை மிளாறு எரியும் திறந்த அடுப்பு. மேலும் கீழும் தணல் போட்டுச் சட்டியிலேயே சுடலாமே என்று கேட்கலாம். இலங்கையில் அந்த முறை பழையதுதான். ஆனால் மிளாறு சடசடவென்று எரிந்து அடங்கிவிடும், நின்று கனலும் தணல் தராது. விடியலில் ஆட்கணக்கு எடுக்கும் பிரட்டுக்குப் போய் மாலையில் கொழுந்து நிறுத்துத் திரும்பும் பெண்ணுக்கு ஒன்றரை மணி நேரம் நெருப்பைக் காக்க ஏது பொழுது?

இன்னொன்றும் உண்டு. தோட்டத் தெய்வங்களான கவ்வாத்துச்சாமிக்கும் ரோதை முனிக்கும் அறுத்த கோழி குழம்பாகிப் பலருக்குப் பங்கானது. ஒரு கோழியை இத்தனை பேருக்கு எட்டவைப்பது குழம்பின் வேலை. இங்கிலாந்தில் வயிற்றுக்குள் பாணைத் திணித்ததும் ஓரளவு இதற்காகத்தான்: இறைச்சியை நீட்டிப் பசியை அடக்க. அந்தக் கணக்கில் இரண்டும் உறவுமுறையே.

இதே திணித்த கோழியை எண்ணெய் குறைத்துச் சுடும் இன்றைய வகையைப் பற்றி இன்னும் கனமான மறுப்பு ஒன்றிருக்கிறது: ரொட்டியும் சம்பலுமாக வளர்ந்த மக்களிடம் போய் இலேசான சாப்பாட்டைச் சொல்வது கொடுமையல்லவா? 1974இன் உணவுப் பஞ்சம் தோட்டங்களில் உயிர்களைக் கொண்டுபோனது. 2016ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பிலும் ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டக் குழந்தைகளில் நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நாடு முழுவதற்குமான அளவு 17 தான். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் எண்ணெயைக் குறைப்பதும் இறைச்சியைக் குறைப்பதும் ஒன்றல்ல. இங்கே குறைந்திருப்பது இறைச்சி, முட்டை, பால். சுடும் முறையில் கோழி அப்படியே தட்டுக்கு வருகிறது. போவது பொரிக்கிற எண்ணெயும் வெண்ணெயும் மட்டும். திணிக்க வேண்டியதும் மலையிலேயே விளைகிறது. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர் காலத்தில் வேர்பிடித்த ஐரோப்பிய மரக்கறிச் செய்கை, இன்று லயத்தோரத் துண்டு நிலங்களில் கரட்டாகவும் லீக்ஸாகவும் நிற்கிறது. அவற்றைப் பொடியாக அரிந்து, மிளகும் உள்ளியும் கறிவேப்பிலையும் சேர்த்து வதக்கினால் பாணும் வெண்ணெயும் தேவைப்படாது. மின்சாரம் வந்த வீட்டில் சின்னப் போறணை ஒன்று இருந்தால் முழுக் கோழியை வைத்துக் காத்திருக்கவும் வேண்டாம். நெஞ்சையும் எலும்பெடுத்த தொடையையும் தனித்தனியே திணித்துச் சுட்டால் முக்கால் மணிக்குள் வெந்துவிடும். வெட்டிப் பரிமாறினால் ஆறு பேர் உள்ள வீட்டிலும் ஆளுக்கொரு துண்டு வரும்.